மோதிரத்துக்குள் நுழையும் சால்வை: கருவாடு காயவைத்த சிறுவன் கப்பல் முதலாளியான கதை

மாதக் கடைசி. மொபைலில் சம்பள மெசேஜ் வருகிறது. திறந்து பார்த்தால் பணம் இல்லை, ஒரு கூப்பன். அதுவும் உங்கள் முதலாளியின் கடையில் மட்டுமே செல்லும். அரிசி வாங்கலாம் என்று போனால் அங்கே அரிசி கிடையாது; டீத்தூளும் துணியும்தான் இருக்கிறது. விலையை நிர்ணயிப்பதும் அவரே. என்ன செய்வீர்கள்?

19-ம் நூற்றாண்டில் பிரிட்டனின் வடகோடியில் இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் பின்னிய லேஸ் சால்வைகளோ லண்டன் சீமாட்டிகளின் தோள்களில் கிடந்தன. கல்யாண மோதிரத்துக்குள் விட்டு இழுத்தால் முழுச் சால்வையும் மறுபக்கம் வந்துவிடும். அவ்வளவு மெல்லிசு!

அந்தத் தீவின் பின்னல் வேலையை அரண்மனை வரை கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஆர்தர் ஆண்டர்சன். உலகப் புகழ்பெற்ற 'பி அண்ட் ஓ' கப்பல் நிறுவனத்தின் இணை நிறுவனர். யார் இவர்? ஒரு கப்பல் முதலாளிக்கும் கம்பளி நூலுக்கும் என்ன சம்பந்தம்?

மீன் காயவைத்த பையன்

ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே, வடக்குக் கடலில் சிதறிக் கிடக்கும் சுமார் 100 தீவுகள்தான் ஷெட்லாந்து. மரங்கள் அரிது, காற்று ஓயாது. தலைநகரம் லெர்விக். அதை ஒட்டிய கிரெமிஸ்டா என்ற இடத்தில் 1792-ல் பிறந்தார் ஆண்டர்சன். அப்பா மீன் பதப்படுத்தும் தொழிலில் மேற்பார்வை வேலை பார்த்தவர்.

ஆண்டர்சனின் முதல் வேலை நம்மூர்க் கடற்கரை மக்களுக்கு நன்றாகவே புரியும். வெட்டி உப்பிட்ட மீனைக் கூழாங்கல் கரையில் பரப்புவது, வெயிலுக்கு ஏற்பத் திருப்பிப் போடுவது, மழை வந்தால் அள்ளிக் குவித்து மூடுவது. தாமஸ் போல்ட் என்ற வணிகரிடம்தான் இந்த வேலை. பையன் எழுத்திலும் கணக்கிலும் கெட்டிக்காரன் என்று தெரிந்ததும், போல்ட் அவரைக் கரையிலிருந்து அலுவலகத்துக்கு மாற்றினார்.

அப்போது பிரிட்டன் நெப்போலியனோடு போரில் இருந்தது. கப்பற்படைக்கு ஆள் போதவில்லை. அதனால் கரையோர ஊர்களில் இளைஞர்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஷெட்லாந்து ஆண்களுக்குக் கடல் அத்துப்படி என்பதால் அங்கே இந்த வேட்டை அதிகம். ஆண்டர்சன் 1808-ல், 16 வயதில், தானாகவே படையில் சேர்ந்தார். கேப்டனின் எழுத்தர் வரை உயர்ந்தார். 1815-ல் போர் முடிந்ததும் படை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இறங்கியபோது கையில் காசு இல்லை. லண்டன் வரை நடந்தே போனார்.

லண்டனில் ஒரு கிளார்க்

அந்த நகரத்தில் பிராடி மெக்கீ வில்காக்ஸ் என்ற கப்பல் தரகர் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருந்தார். ஆண்டர்சன் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பங்குதாரர் ஆனார். 1822-ல் கப்பல் முதலாளி ஒருவரின் மகளான மேரி ஆன் ஹில்லைத் திருமணம் செய்தார்.

இருவரின் வியாபாரமும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் வளர்ந்தது. 1830-களில் அந்த இரண்டு நாடுகளிலும் அரியணைக்கான உள்நாட்டுப் போர் நடந்தது. இவர்கள் இரண்டு இடத்திலும் ராணிகளின் பக்கம் நின்று கப்பல் கொடுத்து உதவினார்கள். அது வென்ற பக்கமாகவும் அமைந்தது. பி அண்ட் ஓ கொடியில் இருக்கும் நீலமும் வெள்ளையும் போர்ச்சுகல் நிறங்கள். சிவப்பும் மஞ்சளும் ஸ்பெயின் நிறங்கள்.

1837-ல் பெரிய திருப்பம். ஸ்பெயின், போர்ச்சுகல் துறைமுகங்களுக்குத் தபால் கொண்டுபோகும் அரசு ஒப்பந்தம் இவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் தொடக்கமே தடுமாற்றம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த 'டான் ஹுவான்' என்ற நீராவிக் கப்பல், ஸ்பெயினின் தரீஃபா முனையில் மூடுபனியில் பாறையில் மோதியது. அதில் ஆண்டர்சனும் மனைவியும் இருந்தார்கள். கப்பல் போச்சு, ஆனாலும் தபால் பைகளைக் காப்பாற்றிவிட்டு, உதவி கேட்டு மீன்பிடிப் படகில் ஜிப்ரால்டருக்குப் போனார் அவர். கம்பெனி தாக்குப்பிடித்தது.

அதே 1837-ல் ஒரு பரிசுப் பொட்டலம்

லண்டனில் வசதியான பிறகும் ஊர் நினைப்பு அவரை விடவில்லை. காரணம் வெறும் பாசம் கிடையாது. ஊர் நிலைமை அப்படி.

ஷெட்லாந்தில் நிலம் எல்லாம் ஒரு சில ஜமீன்தார்கள் கையில் இருந்தது. ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால், பிடிக்கும் மீனை அந்த ஜமீன்தாரிடமே கொடுக்க வேண்டும். விலை அவர் சொல்வதுதான். வீட்டுக்குத் தேவையான சாமானும் பெரும்பாலும் அவர் கடையில்தான். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மீனவர் பெயரில் கடன்தான் மிஞ்சும். ஆறு துடுப்புப் படகில் கரை தெரியாத தூரம் போய் மீன் பிடித்தவர்களின் கதி இது. 1832 ஜூலையில் அடித்த ஒரே புயலில் 17 படகுகளும் 105 ஆண்களும் திரும்பவில்லை.

ஆண்டர்சன் மூன்று வேலைகளைக் கையில் எடுத்தார்.

ஒன்று, பத்திரிகை. 1836-ல் தொடங்கிய 'ஷெட்லாந்து ஜர்னல்' அந்தத் தீவுகளுக்கான முதல் செய்தித்தாள். லண்டனில் அச்சாகி ஊருக்குப் போனது. விளம்பரப் பகுதி காலியாக இருக்கக் கூடாதே என்று, தீவுகளைச் சுற்றிக்காட்டும் உல்லாசக் கப்பல் பயணத்துக்கு அவரே ஒரு கற்பனை விளம்பரம் தயாரித்தார் என்பார்கள். அப்படி ஒரு கப்பல் அப்போது இல்லை. சில ஆண்டுகள் கழித்து அவரது கம்பெனியே மத்தியதரைக் கடலில் அப்படிப்பட்ட பயணங்களை நடத்தியது. 1844-ல் எழுத்தாளர் தாக்கரே இலவச டிக்கெட்டில் போய்வந்து ஒரு புத்தகமே எழுதினார்.

இரண்டு, மீன்பிடி நிறுவனம். 1837-ல் வைலா என்ற சிறு தீவைத் தளமாக வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார். ஜமீன்தாரை நம்பாமல் மீனவர் தன் மீனை நியாயமான விலைக்கு விற்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் நோக்கம். அது சில ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை.

மூன்று, பின்னல். அந்த ஆண்டு ஜூனில் 18 வயது விக்டோரியா அரியணை ஏறியிருந்தார். ஷெட்லாந்துப் பெண்கள் கையால் பின்னிய மெல்லிய காலுறைகளை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார் ஆண்டர்சன். அந்தச் செய்தி வெளியே பரவும்படியும் பார்த்துக்கொண்டார். இன்றைய பாஷையில் சொன்னால், நாட்டிலேயே பெரிய இன்ஃப்ளூயன்சருக்கு அனுப்பிய சாம்பிள். ராணி அணிவதை அணிய எல்லோரும் ஆசைப்படும் காலம் அது. ஷெட்லாந்துப் பின்னலுக்கு லண்டனில் ஒரு பெயர் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டு வணிகர் எட்வர்ட் ஸ்டாண்டன் போன்றவர்கள் லேஸ் சால்வைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியிலும் ஷெட்லாந்துப் பின்னல் இடம்பிடித்தது.

அந்தச் சால்வையில் அப்படி என்ன இருக்கு?

முதலில் கம்பளி. ஷெட்லாந்து ஆடு உருவத்தில் சிறியது. கோடைத் தொடக்கத்தில் அதன் ரோமம் தானாகவே தளரும். அப்போது கத்தரிக்கோல் போடாமல் கையாலேயே மெதுவாகப் பறித்தெடுப்பார்கள். கழுத்துப் பகுதி ரோமம்தான் மிக மிருதுவானது; லேஸ் நூலுக்கு அதையே ஒதுக்கிவைப்பார்கள். ராட்டையில் அதைத் தலைமுடி போல நூற்பார்கள். இந்த வேலையில் பெயர்பெற்றது வடகோடியில் இருக்கும் அன்ஸ்ட் தீவு.

அடுத்து பின்னல். சாதாரண ஸ்வெட்டரில் ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுத்துக்கொண்டே போனால் போதும். லேஸில் வேண்டுமென்றே ஓட்டை விட வேண்டும். நூலை ஊசியின் மேல் ஒருமுறை சுற்றினால் புதிதாக ஒரு கண்ணி உருவாகும். அதன் கீழே ஓட்டை விழும். ஆனால் இப்படியே போனால் வரிசைக்கு வரிசை கண்ணிகள் கூடி, துணி விரிந்துகொண்டே போகுமே? அதனால் பக்கத்தில் எங்காவது இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். ஒன்று கூட்டினால் ஒன்று கழி. லேஸ் பின்னலின் மொத்தக் கணக்கும் இதுதான்.

சேர்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, ஓட்டைக்கு எவ்வளவு தள்ளி வருகிறது என்பதை மாற்ற மாற்ற வடிவம் மாறும். அலை, பூனையின் பாதம், குதிரை லாடம், பறவையின் கண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒரே ஒரு கண்ணியை விட்டுவிட்டால் அடுத்த வரிசையிலிருந்து கோலம் கோணிக்கொண்டு போகும். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகுமோ அதேதான்.

பாரம்பரிய முறையில் பலர் வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே போவார்கள். முதலில் பல்பல்லாக நீண்ட ஓரப் பட்டை, பிறகு அதன் விளிம்பில் கண்ணிகளை எடுத்து அகலமான கரை, கடைசியில் நடுச்சதுரம். பின்னி முடித்ததும் பார்த்தால் கசங்கிய துணிப்பந்து போலத்தான் இருக்கும். அதை அலசி, ஈரத்தோடு மரச்சட்டத்தில் ஒவ்வொரு பல்லையும் நூலால் இழுத்துக் கட்டிக் காயவிடுவார்கள். காய்ந்ததும்தான் வடிவம் எல்லாம் கண்ணைத் திறக்கும்.

இன்று உலகெங்கும் பலர் பொழுதுபோக்காகப் பின்னும் மணி வைத்த லேஸ் சால்வைக்கும் இதே கணக்குதான். மெல்லிய கொக்கி ஊசியில் மணியை ஏற்றி, வேண்டிய கண்ணியை அதன் வழியாக இழுத்துவிட்டால் மணி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஓரத்தில் வரிசையாக மணி வைத்தால் அந்தக் கனத்தில் சால்வை அழகாகத் தொங்கும். ஷெட்லாந்துப் பெண்கள் தேடியதோ நேர் எதிரானது: கனமே இல்லாமை. மணி கோத்த சால்வை மோதிரத்துக்குள் போகாதே!

கை ஓய்ந்த நேரம் இல்லை

ஆண்கள் மீன்பிடிக்க, திமிங்கில வேட்டைக்கு, கப்பற்படைக்கு என்று போய்விடுவார்கள். பல பேர் திரும்புவதில்லை. நிலம், மாடு, குழந்தை, அடுப்பு எல்லாம் பெண்கள் தலையில். அடுப்பெரிக்கப் புல்கரி வெட்டி, கூடையில் முதுகில் சுமந்துகொண்டு மைல் கணக்கில் நடப்பார்கள். அந்த நடையிலும் கை பின்னிக்கொண்டே இருக்கும். இடுப்பில் ஒரு தோல் பட்டை. அதில் ஓட்டைகள் இருக்கும். ஓர் ஊசியின் நுனியை அதில் செருகிவிட்டால் ஆடாது, நடந்தபடியே பின்னலாம்.

ஆனால் மெல்லிய லேஸை இப்படி நடந்துகொண்டே பின்ன முடியாது. அதற்கு உட்கார வேண்டும், வெளிச்சம் வேண்டும், சுத்தமான கை வேண்டும். ஒரு நல்ல சால்வைக்கு மாதக்கணக்கில் உழைப்பு தேவை.

அதைக் கொண்டுபோய் லெர்விக் கடையில் கொடுத்தால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் டீத்தூள், பருத்தித் துணி, கடைச் சாமான். உடனே சாமான் வேண்டாம் என்றால் ஒரு துண்டுச் சீட்டு. அதை அதே கடையில்தான் மாற்ற முடியும். வீட்டில் மாவு இல்லை என்றால், வாங்கிய டீத்தூளைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கிடைத்த விலைக்கு விற்று மாவு வாங்க வேண்டும். கூலிக்குப் பதில் சரக்கு தரும் இந்த வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'ட்ரக்' முறை என்று பெயர். பிரிட்டனில் 1831-லேயே இதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வீட்டிலிருந்து பின்னி விற்கும் பெண் யாருக்கும் தொழிலாளி இல்லையே! சட்டம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இன்றைய கிக் தொழிலாளர் விவாதம் நினைவுக்கு வந்தால் ஆச்சரியம் இல்லை.

மெட்ராஸ் வரை வந்த தபால்

ஆண்டர்சனின் கப்பல்கள் இதற்குள் கிழக்கே திரும்பியிருந்தன. 1840 டிசம்பரில் அரச சாசனம் பெற்று, கம்பெனியின் பெயரில் 'ஓரியன்டல்' என்ற சொல் சேர்ந்தது. பி அண்ட் ஓ-வின் 'ஓ' அதுதான். 1842-ல் 'இந்துஸ்தான்' என்ற நீராவிக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி கல்கத்தாவுக்கு வந்தது. பிறகு சூயஸ், காலி, மெட்ராஸ், கல்கத்தா என்று தபால் சேவை தொடங்கியது. லண்டன் கடிதம் அலெக்சாண்ட்ரியா வரை ஒரு கப்பலில் வரும். எகிப்தைப் படகிலும் ஒட்டகத்திலும் கடக்கும். சூயஸில் இன்னொரு கப்பல் ஏறும். மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட, தபாலும் ஆட்களும் மசூலா படகில் அலை தாண்டிக் கரைக்கு வருவார்கள்.

எகிப்தை நேரில் போய்ப் பார்த்த ஆண்டர்சன், சூயஸில் ஒரு கால்வாய் வெட்டினால் என்ன என்று 1840-களின் தொடக்கத்திலேயே எழுதினார். அன்றைக்கு லண்டனில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வளர்ச்சிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றிச் சென்றதில் பி அண்ட் ஓ நிறைய சம்பாதித்தது. அதன் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்கு வெள்ளை மாலுமிகளைவிடக் கூலி மிகக் குறைவு. தன் ஊர் மீனவருக்கு நியாய விலை கேட்டவரின் கம்பெனிதான் இது. அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திருப்பிக் கொடுத்தது

1847 முதல் 1852 வரை ஆர்க்னி, ஷெட்லாந்து தொகுதியின் எம்.பி.யாக இருந்தார். 1862-ல் வில்காக்ஸ் இறந்த பிறகு பி அண்ட் ஓ-வின் தலைவர் ஆனார். அதே ஆண்டில் அவர் கொடுத்த பணத்தில் லெர்விக்கில் 'ஆண்டர்சன் இன்ஸ்டிட்யூட்' பள்ளி திறக்கப்பட்டது. 1864-ல் மனைவி மேரி ஆன் இறந்தார். அவர் நினைவாக, கடலில் கணவரை இழந்த ஷெட்லாந்துப் பெண்களுக்காக 1865-ல் குடியிருப்புகள் கட்டிக்கொடுத்தார். தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை.

1868 பிப்ரவரியில் ஆண்டர்சன் இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது.

பின்னியவர்களுக்கு எப்போது விடிந்தது?

1872-ல் அரசு ஓர் ஆணையத்தை ஷெட்லாந்துக்கு அனுப்பியது. மீனவர்களும் பின்னல்காரப் பெண்களும் வணிகர்களும் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். டீத்தூளை விற்று மாவு வாங்கிய கதைகள் அரசு ஆவணத்தில் ஏறின. அதன் பிறகும் 15 ஆண்டுகள் ஆயின. 1887-ல் வந்த சட்டத்திருத்தம்தான் வீட்டிலிருந்து பின்னி விற்பவரையும் தொழிலாளியாகக் கருதி, காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்றது. அதிலும் 5 பவுண்டுக்குக் குறைந்த மதிப்புள்ள பொருட்களுக்குத்தான். சட்டம் வந்தும் பழைய வழக்கம் உடனே போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்ந்தது.

இதில் ஆண்டர்சனின் பங்கு எவ்வளவு? பொருளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார், சந்தையைத் திறந்துவிட்டார். ஆனால் சந்தை பெரிதானதால் மட்டும் பின்னியவர் கைக்குக் காசு வரவில்லை. நடுவில் இருந்த கடை அப்படியே இருந்தது. மீனுக்காக அவர் ஒரு கம்பெனி தொடங்கினார், அது தோற்றது. பின்னலுக்கு அப்படி ஒரு முயற்சி நடக்கவில்லை. ராணிக்கு ஒரு பொட்டலம் கொடுத்தால் தேவை கூடும். கூலியை மாற்ற, பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேச வேண்டியிருந்தது.

கிரெமிஸ்டாவில் அவர் பிறந்த கல்வீடு இன்றும் இருக்கிறது. கப்பல் முதலாளியின் வீடு, கடலைப் பார்த்த வாசல். உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அது இப்போது ஷெட்லாந்து ஜவுளி அருங்காட்சியகம். அங்கே வைத்திருப்பது கைப்பின்னல் துணிகளை. அவற்றில் பலவற்றைப் பின்னியவர் யார் என்று சொல்ல ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை.